பட அட்டையும் குடும்பக் கணக்கும்

பங்குத்தந்தையரிடம் குடும்பத்தார் ஆலோசனை கேட்டு வருவது புதிதன்று. பெண்ணுக்கு வரன், பிள்ளைக்குக் கல்லூரி இடம், சகோதரர்களுக்கிடையே எல்லைத் தகராறு, வளைகுடா வேலைக்கு முகவரிடம் முன்பணம் கட்டலாமா என்ற கேள்வி - இவையெல்லாம் பங்கு இல்லத்துத் திண்ணைக்குப் பல்லாண்டுகளாகப் பழக்கமானவையே. அவற்றோடு இப்போது ஒரு புதுக் கேள்வியும் வந்து சேர்ந்திருக்கிறது. "சாமி, பய கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு வேணும்னு ஒரே நிலையில நிக்கான். அது என்னவாக்கும்? வாங்கிக் குடுக்கலாமா?" என்று தாய்மார் வந்து கேட்கின்றனர்.

"வேண்டாம்" என்று ஒரே சொல்லில் பதில் கூறி அனுப்பிவிடுவது எளிது. "பிள்ளை ஆசைப்படுகிறான், வாங்கிக் கொடுங்கள்" என்பதும் அதே அளவுக்கு எளிது. இரண்டுமே பொறுப்பான பதில்கள் ஆகா. அந்தச் சிறு அட்டையின் விலை, நம் மாவட்டத்தில் ரப்பர்ப் பால்வெட்டுக்கோ கொத்து வேலைக்கோ செல்லும் ஒருவரின் பல நாள் உழைப்பு. கடன்பட்டு வாங்கிய அட்டை பெட்டிக்குள் பொருந்தாமல் அலமாரியில் கிடந்ததையும், அட்டையே தேவைப்படாத வேலைக்கு அட்டை வாங்கியவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். ஆகவே, அன்பு வாசகர்களே, பொருள் இன்னதென்று முதலில் அறிந்துகொள்வோம். வாங்குவதா வேண்டாமா என்பதைப் பிறகு பார்க்கலாம்.

உபதேசியாரும் பேண்டு வாத்தியமும்

கணிப்பொறித் திரையில் நாம் காண்பன யாவும் சிறு புள்ளிகளால் ஆனவை. இன்று பெரிதும் வழக்கிலுள்ள திரையில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080 புள்ளிகள், மொத்தம் 20,73,600. ஒவ்வொன்றுக்கும் நிறம் குறித்து, வினாடிக்கு 60 முறை புதுப்பித்துத் திரைக்கு அனுப்ப வேண்டும். வினாடி ஒன்றுக்கு 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள்! இவ்வேலையைச் செய்யும் பகுதிக்கே வரைகலைச் செயலி என்று பெயர்.

சிறு பங்குகளில் உபதேசியார் ஒருவரே மணியடிப்பார், பீடத்தை ஆயத்தம் செய்வார், பாடல் தொடங்குவார், மாலையில் சிறுவர்க்கு மறைக்கல்வியும் நடத்துவார். தமக்கென்று தனி அறை கிடையாது. பங்கு இல்லத்தின் ஒரு மூலையே அவருக்குப் போதும். சாதாரண நாள்களில் இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பத்து நாள் திருவிழாவின் தேர்ப்பவனிக்கு அவர் ஒருவரின் குரல் போதுமா? அப்போது பேண்டு வாத்தியக் குழுவை வரவழைக்கிறோம். அவர்கள் தங்கள் கருவிகளுடன் வருகிறார்கள். அவர்களுக்கு நிற்க இடமும் வேளைக்குச் சாப்பாடும் நாம் கொடுத்தாக வேண்டும்.

கணிப்பொறியோடு கூடப்பிறந்த வரைகலைப் பகுதி, கடைக்காரர்கள் 'ஆன்போர்டு' என்று சொல்வது, அந்த உபதேசியாரைப் போன்றது. 1999-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 810 என்னும் சில்லுத் தொகுதி முதலாக, மலிவு விலைக் கணிப்பொறிகளின் தாய்ப்பலகையிலேயே அது இடம்பெறலாயிற்று. 2010, 2011-ஆம் ஆண்டுகளில் அது மேலும் உள்ளே புகுந்து, மூளையாகிய செயலிக்குள்ளேயே குடியேறிவிட்டது. அதற்கெனத் தனி நினைவகம் இல்லை. கணிப்பொறியின் பொது நினைவகத்தில் ஒரு பங்கை இரவல் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறது.

தனி அட்டையோ பேண்டுக் குழு. அதற்குச் சொந்தச் செயலி உண்டு. விரைவு மிக்க சொந்த நினைவகம் உண்டு. சூட்டைத் தணிக்கச் சொந்த விசிறியும் உண்டு. தாய்ப்பலகையில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் நீண்ட பள்ளத்தில் அதைப் பொருத்துகிறோம். 1997-இல் வந்த ஏ.ஜி.பி. என்னும் பழைய பள்ளத்தின் இடத்தை 2004-ஆம் ஆண்டளவில் பிடித்துக்கொண்ட அமைப்பு இது. 'ஆன்போர்டை மாற்றுவது' என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் உண்மையில் எதையும் கழற்றி எறிவதில்லை. பழையது உள்ளேயே ஓய்ந்திருக்கும். புதியது வேலையை ஏற்றுக்கொள்ளும்.

செயலிக்கும் வரைகலைச் செயலிக்கும் உள்ள வேறுபாட்டை நாஞ்சில் நாட்டு மக்களுக்கு விளக்குவது கடினமன்று. வயலுக்கு எப்போது நீர் பாய்ச்சுவது, எந்த விதை இடுவது, எவ்வளவு உரம் போடுவது என்று முடிவு செய்ய அனுபவமுள்ள விவசாயிகள் நால்வர் போதும். ஆனால் கன்னிப்பூ நடவை ஒரே நாளில் முடிக்க வேண்டுமானால் அந்த நால்வரால் ஆகாது; வரிசையில் குனிந்து நின்று ஒரே வேலையைச் செய்யும் நூறு கைகள் வேண்டும். செயலியில் உள்ளவை நான்கு அல்லது எட்டு வல்லமை மிக்க கருக்கள். 2019-இல் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 1650 என்னும் நடுத்தர அட்டையில் உள்ளவையோ 896 சிறு கருக்கள். புள்ளிகளுக்கு நிறம் தீட்டுவது நடவு போன்ற வேலைதான்.

இந்தக் கூட்டு உழைப்பின் பயன் விளையாட்டோடு நின்றுவிடவில்லை. என்விடியா நிறுவனம் 1993-இல் தொடங்கப்பட்டபோது அதன் நோக்கம் கணிப்பொறியில் முப்பரிமாணப் படங்களைக் காட்டுவதே. 2012-ஆம் ஆண்டு டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர், விளையாட்டுக்கென விற்கப்பட்ட ஜி.டி.எக்ஸ். 580 அட்டைகள் இரண்டைக் கொண்டு, படங்களைப் பார்த்து இனங்காணக் கணிப்பொறிக்குப் பயிற்சி அளித்துப் போட்டியொன்றில் வென்றனர். இன்றைய செயற்கை நுண்ணறிவின் வேகமான வளர்ச்சிக்கு அதுவும் ஒரு தொடக்கம். அம்மூவருள் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன் 2024-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 மே மாதம் தாம் அப்பெயரைத் தேர்ந்ததன் காரணத்தைக் கர்தினால்மார்க்கு விளக்கியபோது, செயற்கை நுண்ணறிவு மனித மாண்புக்கும் உழைப்புக்கும் விடுக்கும் சவாலையும் குறிப்பிட்டார். விளையாட்டுச் சாமான் என்று நாம் ஒதுக்கிய அட்டை எங்கே போய் நிற்கிறது, பாருங்கள்! நிற்க.

தேவை உண்டா?

வீட்டில் கணிப்பொறியைக் கொண்டு செய்யும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி அட்டை வேண்டியதில்லை. தட்டச்சு, கணக்கு, இணையவழி விண்ணப்பம், வகுப்பு, திரைப்படம், நிரல் எழுதக் கற்றல், பொறியியல் மாணவர்களின் இருபரிமாண வரைபடம் - இவை அனைத்தையும் கூடப்பிறந்த வரைகலையே செவ்வனே செய்துவிடும். "படிப்புக்குத்தான்" என்று மகன் சொன்னால், எந்தப் பாடத்துக்கு, எந்த மென்பொருளுக்கு என்று கேட்பது பெற்றோரின் உரிமை. அந்த மென்பொருளை வெளியிட்ட நிறுவனமே அதற்கு வேண்டிய வரைகலைத் திறனைத் தன் இணையப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கும். மகனையே எடுத்து வாசித்துக் காட்டச் சொல்லலாம்.

வேலை மெதுவாக நடக்கிறது என்றால், அட்டைக்கு முன் நினைவகத்தைப் பார்க்க வேண்டும். ஆன்போர்டு வரைகலை பொது நினைவகத்தை இரவல் வாங்குகிறது என்றோம். தாய்ப்பலகையில் ஒரே ஒரு நினைவகத் துண்டு இருந்தால் அது ஒற்றைத் தடச் சாலை. அதே வகையில் இன்னொரு துண்டைச் சரியான இடத்தில் இணைத்தால் இரட்டைத் தடமாகிவிடும். இதனாலேயே படம் ஓடும் வேகம் கண்கூடாக உயரும். 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவகத்தின் விலையும் ஏறத் தொடங்கியது உண்மையே. ஆயினும் பழைய கணிப்பொறிக்கு ஏற்ற பழைய வகைத் துண்டு, நல்லதோர் அட்டையின் விலைக்கு அருகில் வராது.

நம் ஆலயங்களில் திருப்பலியை நேரலையாக ஒளிபரப்பும் இளைஞர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். 2020 மார்ச்சில் பெருந்தொற்றின் காரணமாக ஆலயக் கதவுகள் அடைபட்ட நாள்களில் தொடங்கிய வழக்கம், இன்று வளைகுடாவில் இருக்கும் நம் மக்களுக்கு ஊர்த் திருவிழாவைக் கொண்டு சேர்க்கும் நற்பணியாக நிலைத்திருக்கிறது. "நேரலைக்கு கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் முடியாது" என்று பல இளைஞர் குழுக்கள் எண்ணுகின்றன. காணொலியைச் சுருக்கி அனுப்புவதற்கென்றே ஒரு தனி உறுப்பு, 2011 முதல் வந்த பெரும்பாலான இன்டெல் செயலிகளின் கூடப்பிறந்த வரைகலையிலேயே இருக்கிறது. அதற்குக் குயிக் சிங்க் என்று பெயர். ஒன்றிரண்டு கேமராக்களுடன் திருப்பலியை ஒளிபரப்ப அது போதும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மலிவு என்பதற்காகப் பலர் நாடும் ஜி.டி. 1030 என்ற அட்டையில் அந்த உறுப்பு அறவே இல்லை! பணம் கொடுத்து அதை வாங்கிப் பூட்டி, ஏற்கெனவே உள்ளே இருந்த ஆன்போர்டை அணைத்து வைத்துவிட்டால், இருந்த வசதியையும் இழந்தவர்கள் ஆவோம்.

அப்படியானால் யாருக்குத் தேவை? முப்பரிமாண உருவங்கள் அமைப்போர்க்கு, கட்டட வடிவமைப்பை உயிரோட்டமாகக் காட்ட விரும்புவோர்க்கு, திருமணக் காணொலிகளை வெட்டி ஒட்டி நிறம் திருத்துவோர்க்கு, வீட்டிலேயே செயற்கை நுண்ணறிவைச் சோதித்துக் கற்போர்க்குத் தேவைதான். புதிய விளையாட்டுகளுக்கும் தேவை. அதை மறைப்பானேன்?

ஒரு குடும்பம் போட்ட கணக்கு

மலையடிவாரப் பங்கு ஒன்றில் நாம் நன்கு அறிந்த ஒரு குடும்பம். தந்தை ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. ஆனியிலும் ஐப்பசியிலும் மழை வலுத்தால் வெட்டு இல்லை. வெட்டில்லாத நாளில் கூலியும் இல்லை. மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பழைய அலுவலகக் கணிப்பொறி ஒன்றை மலிவாக வாங்கி வைத்துக்கொண்டு காணொலித் தொகுப்பைத் தானாகவே கற்றுக்கொண்டவன். அவனுக்கு 14,000 ரூபாயில் ஓர் அட்டை வேண்டுமாம். தாய் தம் சுய உதவிக் குழுவில் கடன் கேட்டிருந்தார். அது தாமதமாகவே, வளையலை அடகு வைக்கலாமா என்று கேட்க நம்மிடம் வந்தார்.

மூவரையும் ஒரு ஞாயிறு மாலை ஒன்றாக உட்காரச் சொன்னோம். தந்தை நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்து, "மக்களே, நீ சொல்லுத யந்திரம் எனக்கு விளங்காது. ஒண்ணு மட்டும் சொல்லு. இதுல நீ செய்யுத வேலைக்கு யாராவது பைசா தருவாவளா?" என்றார்.

மகன் சற்றுத் தயங்கினான். மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டுடியோக்காரர் திருமணக் காணொலி ஒன்றுக்கு 1,500 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றும், இருக்கும் கணிப்பொறியில் நிறம் திருத்தும் மென்பொருள் அடிக்கடி நின்றுபோவதால் அந்த வேலையை ஏற்கத் தன்னால் இயலவில்லை என்றும் கூறினான். அவன் சொன்னது டாவின்சி ரிசால்வ் என்னும் மென்பொருள். அதன் இலவசப் பதிப்பே சிறந்த கருவி; ஆனால் அதன் பாரத்தில் பெரும்பகுதி வரைகலைச் செயலியின் மேல்தான் விழும். ஆகவே தேவை உண்மையானதே. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "பாதி காரணம் கேம் விளையாடத்தான் அப்பா" என்றும் சொன்னான்.

தாய் அவனை முறைத்தார். தந்தையோ, "இதை மொதல்லே சொல்லப்பிடாதா மக்களே?" என்று மட்டும் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அந்த அறையில் அதுவரை இருந்த இறுக்கம் அத்துடன் தளர்ந்ததை நாம் கண்டோம்.

பிறகு நடந்தது வெறும் கணக்கு. பெட்டியைத் திறந்து பார்த்தபோது அது ஒடுக்கமான அலுவலகப் பெட்டி. முழு உயர அட்டை அதற்குள் நுழையவே நுழையாது. கடையில் விலை பேசியபோது இதை யாரும் கேட்கவில்லை. மகனும் அளந்து பார்க்கவில்லை. மேலும் அதன் செயலி இன்டெல்லின் 4-ஆம் தலைமுறையைச் சேர்ந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்க 8-ஆம் தலைமுறையேனும் வேண்டும். ஆக, வளையலை அடகு வைத்து வாங்கவிருந்த அட்டைக்கு வீடே இல்லை!

அந்தப் பெட்டியை விற்று, மேற்கொண்டு பணம் போட்டு, 8-ஆம் தலைமுறைச் செயலியுடன் கூடிய அகலமான பழைய பெட்டி ஒன்றை வாங்குவதென்றும், அட்டையை மழைக்காலம் முடிந்த பிறகு பார்ப்பதென்றும் முடிவாயிற்று. புதிய பெட்டியில் சிறிய காணொலிகளை முடித்துக் கொடுத்து மகன் நான்கு மாதங்களில் சேர்த்த பணத்தில், பயன்படுத்திய அட்டை ஒன்று 6,500 ரூபாய்க்கு வந்தது. தாயின் வளையல் கையிலேயே இருக்கிறது.

பெட்டி தாங்குமா?

கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் சொன்ன உவமையை நாம் மறையுரைகளில் அடிக்கடி எடுத்தாள்கிறோம். அட்டை வாங்குவோர்க்கு அது எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். பெட்டியின் உள்நீளத்தையும் உயரத்தையும் அளவுநாடாவால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஒடுக்கமான பெட்டியாயின் 'லோ புரொஃபைல்' எனப்படும் அரை உயர அட்டையே பொருந்தும். மடிக்கணினியாயின் பேச்சுக்கே இடமில்லை. அதில் இத்தகைய பள்ளம் கிடையாது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளைக் கொண்டுவந்து "இதுல கார்டு போட முடியுமா?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு வேறு பதில் இல்லை.

அடுத்து மின்சாரம், அஃதாவது பேண்டுக்காரர்களின் சாப்பாடு. பள்ளத்தின் வழியாக அட்டைக்குக் கிடைப்பது அதிக அளவாக 75 வாட். அதற்கு மேல் உண்ணும் அட்டைகளுக்கு எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பி செல்ல வேண்டும். ஆறு முள் இணைப்பு 75 வாட், எட்டு முள் இணைப்பு 150 வாட் தரும். மலிவான எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளின் மேல் கொட்டை எழுத்தில் '450 வாட்' என்றிருப்பதை அப்படியே நம்பிவிடலாகாது. பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்துப் பெருக்க வேண்டும். 16 ஆம்பியர் என்றிருந்தால் 12 வோல்ட்டில் கிடைப்பது 192 வாட்தான். செயலியும் அட்டையும் அதற்குள்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தனிக் கம்பி கேட்காத 75 வாட்டுக்குட்பட்ட அட்டையே பழைய பெட்டிகளுக்குப் பத்திரமானது.

மின்கட்டணம் ஏறுமே என்று அஞ்சுவோர்க்கு: 75 வாட் அட்டை முழு வேகத்தில் நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 18 யூனிட் ஆகும். மின்கட்டணச் சலுகையின் விளிம்பில் நிற்கும் குடும்பங்கள் இதையும் கணக்கில் கொள்ளட்டும்.

வாங்குமிடத்தில் விழிப்பு வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலே பொருளும் ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். முன்னர்ச் சொன்ன ஜி.டி. 1030 அட்டை 2017-இல் வந்தபோது ஜி.டி.டி.ஆர். 5 நினைவகம் கொண்டிருந்தது. மறு ஆண்டே அதே பெயரில் டி.டி.ஆர். 4 நினைவகத்துடன் இன்னொன்று வந்தது. பின்னதன் நினைவக வேகம் முன்னதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இரண்டிலும் ஒரே பெயர்! வணிகத்தில் இதற்குச் சாமர்த்தியம் என்று பெயர். மறைக்கல்வி வகுப்பில் நாம் வேறு பெயர் சொல்லுவோம். பழைய சில்லின் மேல் புதிய பெயரைப் பதித்து விற்கும் போலி அட்டைகளும் உண்டு. ஜி.பி.யு. இசட் என்னும் இலவச மென்பொருள் அவற்றில் பலவற்றைக் காட்டிக் கொடுக்கும். பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே அதை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய அட்டையாயின் முன்பு என்ன வேலை பார்த்தது என்றும் விசாரிக்க வேண்டும். 2021-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மின்னணு நாணயம் 'தோண்டுவதற்காக' இரவும் பகலும் ஓடவிடப்பட்ட அட்டைகள், 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற நாணயம் அம்முறையைக் கைவிட்டதும் பழைய சந்தையில் வந்து குவிந்தன. அவை எல்லாமே கெட்டவை அல்ல. ஆனால் விசிறி சுழல்கிறதா, அரைமணி நேரம் பாரம் ஏற்றினால் படம் கலங்காமல் நிற்கிறதா என்று சோதித்தே வாங்க வேண்டும்.

பழைய திரை வைத்திருப்போர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நீல நிறத் தலையுடன் 15 முள் கொண்ட வி.ஜி.ஏ. கம்பியை இன்றைய அட்டைகளில் பெரும்பாலானவை ஏற்பதில்லை. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும் சிறு கருவியையும் சேர்த்து வாங்கினால் இரண்டாம் முறை நாகர்கோவிலுக்குப் பேருந்து ஏற வேண்டியிராது.

விளையாட்டைப் பற்றி

சமூகத் தொடர்புக் கருவிகளைக் குறித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட ஆணை, மனித அறிவு கண்டுபிடித்த இச்சாதனங்களைத் திருச்சபை வரவேற்கிறது என்றே தொடங்கிற்று. தவறாகப் பயன்படுத்தும் ஆபத்தையும் உடனே சேர்த்துச் சொல்லிற்று. 2025 செப்டம்பர் 7 அன்று புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட கார்லோ அகுதிஸ், பதினைந்து வயதில் 2006-இல் இறந்தவர்; நற்கருணைப் புதுமைகளை இணையத்தில் தொகுத்தவர். அவருக்கும் விளையாட்டுக் கருவி இருந்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டார் என்பர். அவர் அதைத் தூக்கி எறியவும் இல்லை. அதன் கையில் தம்மைக் கொடுக்கவும் இல்லை. நம் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் என்று நாம் விதித்தால் வீட்டில் கலகம் மூளும் என்பது நமக்கும் தெரியும். ஆனால் கணிப்பொறி படுக்கையறையில் கதவடைத்துக் கிடக்க வேண்டுமா, எல்லோரும் நடமாடும் கூடத்தில் இருக்க வேண்டுமா என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கலாம். குடும்பச் செபத்தின்போது திரை அணைந்திருக்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கலாம். அட்டை வாங்குவதற்கு முந்திய நாளே இவற்றைப் பேசிக்கொள்வது நலம். வாங்கிய மறுநாள் பேசினால் எடுபடாது.

பொருத்தும் முறை

இது வீட்டிலேயே செய்யத்தக்க வேலைதான். தந்தையும் மகனும் சேர்ந்து செய்யலாம். கணிப்பொறியை அணைத்து, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, பிறகு ஒருமுறை ஆன் பொத்தானை அழுத்தி உள்ளே எஞ்சிய மின்சாரத்தைப் போக்க வேண்டும். பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால், உடலில் தேங்கிய நிலைமின்சாரம் அட்டையைத் தாக்காது. பின்புறத் தகட்டைக் கழற்றி, அட்டையை ஓரங்களில் பிடித்து, பள்ளத்தில் நேராக வைத்து, 'டக்' என்று பூட்டு விழும்வரை சீராக அழுத்த வேண்டும். முரட்டுத்தனம் கூடாது; தயங்கிப் பாதியில் நிறுத்தவும் கூடாது. திருகாணி முடுக்கி, தனிக் கம்பி இருந்தால் இணைத்து, திரையின் கம்பியை அட்டையின் பின்னால் செருக வேண்டும்.

இந்தக் கடைசிப் படியில்தான் பெரும்பாலோர் தடுமாறுகின்றனர். இளைஞர் குழு ஒன்று அட்டையைப் பூட்டிவிட்டு, படம் வரவில்லை, அட்டை செத்துவிட்டது என்று முடிவு கட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாறி நகரத்துக்குப் போனது. கடைக்காரர் திரைக்கம்பியைத் தாய்ப்பலகையின் பழைய துளையிலிருந்து பிடுங்கி அட்டையின் துளையில் செருகினார். படம் வந்தது. அவர் கூலி வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

படம் வந்தபின், அட்டைக்குரிய இயக்கு மென்பொருளை அதைத் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தே இறக்கி நிறுவுங்கள். தேடுபொறியில் முதலில் தென்படும் ஏதோ ஒரு தளத்திலிருந்து எடுத்தால் வேண்டாத விருந்தாளிகளும் கூடவே வருவர்.

குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் இருப்போர்க்கு இன்னும் ஒரு சொல். உப்புக்காற்று உலோகத்தைத் தின்னும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, மென்மையான தூரிகையால் தூசு நீக்குங்கள். சன்னலுக்கு நேராகப் பெட்டியை வைக்காதீர்கள். படம் திடீரென்று நின்றால், அட்டையை எடுத்து அதன் பொன்னிறப் பற்களைச் சுத்தமான பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மீண்டும் பொருத்திப் பாருங்கள். பல வேளைகளில் அதுவே போதும். ஐப்பசியில் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை அணைப்பது மட்டும் பாதுகாப்பன்று. மின்கம்பியையும் இணையக் கம்பியையும் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் செபமாலையைக் கையில் எடுக்க வேண்டும்.